கீழே நின்று கை காட்டுகிறவள்

ஜூன் 8

அன்புள்ள அத்தைக்கு, மற்றும் உங்களுக்கு முன்னால் இதைப் படிக்கப்போகும் விடுதி வார்டன் அவர்களுக்கு,

இங்கே நலம். அங்கே எப்படி?

நம் வீட்டுக் கடிதங்கள் இந்த இரண்டு வாக்கியத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதால் எழுதிவிட்டேன். இரண்டாவதை எழுதும்போது பேனா முரண்டு பிடித்தது. அப்பாவின் கடிதம் நேற்று வந்தது. உங்கள் தம்பி எழுதும் லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? முதல் பக்கம் முழுக்க பேக்கரியில் மாவு பிசையும் மிஷின் மக்கர் செய்த கதை. இரண்டாம் பக்கத்தின் ஓரத்தில், இடமில்லாமல் மேல்நோக்கி வளைத்து, 'அத்தைக்கு இரைப்பையில் புற்றுநோய், அதிகம் பரவவில்லை, நீ படிப்பைக் கவனி' என்று. ஓரத்தில் எழுதினால் விஷயம் சின்னதாகிவிடும் என்று நினைப்பு.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஊரார் வயிற்றெரிச்சலை எல்லாம் கொட்டிக்கொண்டவள் நான். வலி உங்கள் வயிற்றுக்குப் போயிருக்கிறது. விலாசம் மாறிவிட்டது.

வயிற்றின் கீழ்ப்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு இணைப்பார்களாம். அதற்கு இரண்டு வழியாம். ஒன்று லேப்ராஸ்கோபி. அப்பா அதை மூன்று விதமாக எழுதியிருக்கிறார். அதில் ஒன்று லாபராசி கோபி. அந்த ஆளை இனி கோபி அண்ணன் என்றே கூப்பிடுவோம். இன்னொன்று ரோபோ.

என் ஓட்டு ரோபோவுக்கு. யோசித்துப் பாருங்கள். நீங்கள் துறைமுகத்தில் அத்தனை உயரத்தில் ஒரு கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்து, லிவரை லேசாகத் தள்ளி, லாரி அளவு பெட்டியைப் பூ மாதிரி கப்பலில் வைக்கிறீர்கள். ரோபோவில் டாக்டரும் தள்ளி உட்கார்ந்து கைப்பிடியை ஆட்டுவார். உங்கள் ஜாதி, கிரேன் ஜாதி. ஒன்றை மட்டும் சொல்லிவையுங்கள். உங்கள் கேபினிலும் லிவர், வயிற்றுக்குள்ளும் லிவர். பார்த்து இழுக்கட்டும்.

போனில் பேசியிருப்பேன். ஆனால் விடுதியில் போன் கூடாது. போன வருடம் வார்டனின் போன் மணியைச் சேவல் கூவும் சத்தமாக மாற்றியதிலிருந்து ஆபீஸ் போனும் எனக்குக் கிடையாது. ஆகவே கடிதம்.

உங்கள் வயிற்றின் இரு பாதிகளுக்கும் என் தனித்தனி வணக்கம்.

வாலு

(சிவப்பு மையில்: சேவல் அல்ல, கழுதை. — வார்டன்)


ஜூன் 19

வாலுக்கு,

அங்கே எப்படி? வார்டன் அம்மாவுக்கு என் வணக்கம். கழுதைக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைக் கேபினில் வைத்துப் படித்தேன். காற்று பலமாக இருந்ததால் பெட்டி தூக்குவதை நிறுத்தி வைத்திருந்தார்கள். லிவர் விஷயத்தைப் படித்துச் சிரித்ததில், கீழே நின்று எனக்குக் கை காட்டுகிற சிக்னல்காரர் என்னவோ ஏதோ என்று அண்ணாந்து பார்த்தார்.

டாக்டர் மெலிந்த ஆள். பேசும்போது எதிரில் இருக்கிறவர் தலையசைத்த பிறகுதான் அடுத்த வாக்கியத்துக்குப் போகிறார். காகிதத்தில் வயிற்றை வரைந்து காட்டினார். பார்க்க ஓட்டை விழுந்த கையுறை மாதிரி இருந்தது.

"ரெண்டுலயும் சின்னச் சின்ன ஓட்டைதாம்மா. வயித்துக்குள்ள காத்தடிச்சு உப்ப வச்சு, இடம் பண்ணிக்கிட்டு வேலை பாப்போம். ஒண்ணுல நான் பக்கத்துல நின்னு நீளமான கோலை என் கையிலயே பிடிச்சிருப்பேன். இன்னொண்ணுல கோலை மெஷின் பிடிச்சிருக்கும். நான் தள்ளி உக்காந்து மெஷினை ஆட்டுவேன்."

உன் அப்பன், "எதுங்க நல்லது?" என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனை எதற்குக் கூட்டிப் போனேன் என்று ஆகிவிட்டது. டாக்டர் சொல்வதைக் கேட்பதா, இவனைத் தேற்றுவதா.

நான் ரோபோ என்று சொல்லிவிட்டேன். மருமகள் ஓட்டுப் போட்ட பிறகு மறுபேச்சு ஏது? ஆனால் அதற்கு வரிசை இருக்கிறது. முறை வந்தால் கூப்பிடுவார்கள். அதுவரை வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

ரொட்டியில் பாதியை இப்போதெல்லாம், துறைமுகம் வரை என் பின்னாலேயே வருகிற நம் பூனைக்குப் போட்டுவிடுகிறேன். பூனை நன்றாகத் தேறிவிட்டது.

நீ ஒழுங்காகச் சாப்பிடு.

அத்தை


ஜூன் 27

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே நலம். அங்கே எப்படி?

நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். நூலகருக்கு நெஞ்சுவலி வராத குறை. "நீயா? வழி தவறி வந்துட்டியா?" என்றார். உங்களுக்காக ரோபோவின் பெருமைகளைத் திரட்டியிருக்கிறேன். அதன் நுனி நம் மணிக்கட்டைப் போல வளைந்து திரும்பும். கோபி அண்ணனின் கோல் விறைப்பான மனுஷன், நேராகத்தான் போவார். ரோபோவில் டாக்டருக்கு உள்ளே இருப்பது ஆழத்தோடு, பெரிதாகத் தெரியும். அவர் கை நடுங்கினாலும் அந்த நடுக்கத்தை மிஷின் வடிகட்டிவிடும். உங்கள் தம்பிக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கலாம்.

குறைகளும் எழுதியிருந்தன. அந்தப் பக்கத்தை நான் புரட்டிவிட்டேன். தேர்தல் நேரத்தில் எதிர்க்கட்சிக்காரன் பேச்சைக் கேட்கக் கூடாது.

இங்கே ஒரு சின்னக் கலவரம். சாப்பாட்டு அறைப் பலகையில் 'சூப்' என்று எழுதியிருந்ததை அழித்துவிட்டு, 'வெந்நீர்: ஒரு உருளைக்கிழங்கு குளித்துவிட்டுப் போனது' என்று யாரோ எழுதிவிட்டார்கள். அந்த யாரோ இரண்டு நாளாகப் பாத்திரம் தேய்க்கிறாள். கையெழுத்து கொஞ்சம் வழுக்கலாக இருந்தால் அது சோப்பு.

வரிசையில் உங்கள் முறை எப்போது? தேதி எழுதுங்கள்.

வாலு

(சிவப்பு மையில்: மறுநாள் சூப்பில் உருளைக்கிழங்கு இருந்தது என்பதையும் எழுதியிருக்கலாம். — வார்டன்)


ஜூலை 17

வாலுக்கு,

அங்கே எப்படி? பதில் தாமதம். வேலை அதிகம்.

துறைமுகத்துக்குப் புதுக் கிரேன் ஒன்று வந்திருக்கிறது. கேபினில் குளிரூட்டி உண்டு, இருக்கை நம் வீட்டுச் சோபாவைவிட மெத்தென்று இருக்கிறது. எல்லாரும் அதில் ஏற அடித்துக்கொள்கிறார்கள். பழசுக்கு முந்தாநாள் கம்பி வடமெல்லாம் கிரீஸ் பூசினார்கள். நல்ல கிரீஸ். பூனை அதில் ஒருமுறை புரண்டுவிட்டு வந்து என் படுக்கையில் படுத்தது. மூன்று முறை துவைத்தும் போகவில்லை.

ஒரு வேடிக்கை கேள். புதிதாக வந்த பையன் ஒருவன் ஆர்வக்கோளாறில், சிக்னல்காரர் நிற்கும்போதே குறுக்கே வந்து, ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றினான். அது 'தூக்கு' என்பதற்கான சைகை, உனக்குத்தான் சின்ன வயதிலேயே தெரியுமே. நான் லிவரைத் தொடவில்லை. இறங்கி வந்து அவனிடம், "நிறுத்துன்னு யார் வேணா காட்டலாம்டா. இந்தப் பூனை காட்டுனாக்கூட நிறுத்துவேன். ஆனா தூக்குன்னு ஒருத்தர்தான் காட்டணும். அந்த ஒருத்தர் யாருன்னு முன்னாடியே பேசி வச்சிருக்கணும்" என்றேன். பையன் பூனையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓர் ஓட்டை போட்டேன். பழைய ஓட்டைகள் தளர்ந்துவிட்டன.

ரோபோ ஆகஸ்ட் கடைசி, இல்லாவிட்டால் செப்டம்பர் என்கிறார்கள். நல்ல பொருளுக்கு நாலு பேர் காத்திருக்கத்தானே செய்வார்கள்.

அத்தை


ஜூலை 21

பெருமதிப்பிற்குரிய அறுவை சிகிச்சை நிபுணர் அவர்களுக்கு,

'விடுதிக் குரல்' மாத இதழின் ஆசிரியர் குழு வணங்கி எழுதுவது. தாங்களும் தங்கள் கத்திகளும் நலமாக இருக்க வேண்டுகிறோம்.

எங்கள் வாசகி ஒருவரின் அத்தைக்கு இரைப்பையில் புற்றுநோய், தங்களிடம்தான் காட்டுகிறார். ஆகையால் எங்கள் அடுத்த இதழில், இரைப்பை அறுவையில் சிறந்தது ரோபோவா, லேப்ராஸ்கோபியா என்று ஒரு கட்டுரை வெளியிட இருக்கிறோம். கீழ்க்காணும் ஐயங்களைத் தாங்கள் தீர்த்துவைத்தால் வாசகர் உலகம் என்றும் கடமைப்பட்டிருக்கும். இரண்டில் எது மேல்? நோய் திரும்பி வராமல் எது பார்த்துக்கொள்ளும்? மிக முக்கியமாக, ரோபோவுக்கு எவ்வளவு நாள் வரிசையில் நிற்க வேண்டும்? பெல்ட்டில் புது ஓட்டை போடும் அளவுக்கு மெலிந்த ஒருவர் அவ்வளவு நாள் நிற்கலாமா?

பதில் எழுதத் தபால்தலை ஒட்டிய உறை இணைத்துள்ளோம்.

தங்கள் உண்மையுள்ள,
ஆசிரியர், துணை ஆசிரியர் மற்றும் பியூன்

(சிவப்பு மையில்: இந்த விடுதியில் அப்படி ஓர் இதழ் இல்லை. கேள்விகள் நியாயமானவை என்பதால் அனுப்புகிறேன். — வார்டன்)


ஜூலை 31

'விடுதிக் குரல்' ஆசிரியருக்கும் பியூனுக்கும்,

வணக்கம். நான் நலம். கத்திகளும் நலம். சிவப்பு மைக் குறிப்பையும் படித்தேன். இல்லாத இதழுக்குப் பேட்டி கொடுப்பது எனக்கு முதல் முறை.

எங்களிடம் வருகிற யாரைப் பற்றியும் நான் வெளியாரிடம் பேச முடியாது. வாசகியின் அத்தையாக இருந்தாலும், அத்தையின் வாசகியாக இருந்தாலும். பொதுவாக மட்டும் எழுதுகிறேன்.

ரோபோவில் பார்வையும் நுணுக்கமும் அதிகம். ரத்தம் கொஞ்சம் குறைவாகப் போகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையத்துக்குத் தொந்தரவு குறைவு என்று சில சொல்கின்றன. மறுபக்கம், நேரம் கூடுதலாக எடுக்கும், செலவும் கூடுதல். எதைத் தொடுகிறோம், எவ்வளவு அழுத்துகிறோம் என்பது பெரும்பாலான ரோபோக்களில் நம் கைக்குத் தெரியாது, கண்ணால்தான் ஊகிக்க வேண்டும். லேப்ராஸ்கோபியில் கோல் வழியாகக் கொஞ்சம் தெரியும். நோய் திரும்பாமல் இருப்பதில் இதுவரை பார்த்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கருவியைவிட, அதைப் பிடித்திருப்பவருக்கு அதில் எவ்வளவு பழக்கம் என்பதே பெரிது. இரண்டிலும் உள்ளே நிலைமை சரியில்லை என்றால் வயிற்றைத் திறந்து செய்யத் தயங்கக் கூடாது.

வரிசை பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் மருத்துவமனையில் இரண்டுக்குமே ஒரே வாரத்தில் தேதி கிடைக்கும். வரிசை என்று ஒன்று கிடையாது.

எது என்ற கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு, எப்போது என்ற கேள்வியிலிருந்து தப்பிப்பவர்கள் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. ஒரு கடைவாய்ப் பல்லோடு நானே அப்படித்தான் அலைந்துகொண்டிருக்கிறேன். ஆனால் பல் காத்திருக்கும். இது ரொம்ப நாள் காத்திருக்காது.

இதழ் வெளிவந்தால் ஒரு பிரதி அனுப்பவும்.

அறுவை சிகிச்சை மருத்துவர்


ஆகஸ்ட் 2

அத்தைக்கு,

இங்கே நலம். அங்கே எப்படி?

ரோபோவுக்கு வரிசையே இல்லையாம்.

யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். பத்திரிகையாளர்கள் அதைச் சொல்வதில்லை. யாரும் இல்லாத வரிசையில் ஒன்றரை மாதமாக நீங்கள் மட்டும் நிற்கிறீர்கள். முன்னால் ஆள் இல்லை, பின்னால் பூனை.

நான் இந்த வித்தையில் முனைவர் பட்டம் வாங்கியவள் அத்தை. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நாளில்தான் என் மேசை பளபளவென்று இருக்கும். துடைப்பேன், அடுக்குவேன், மறுபடி துடைப்பேன். நல்ல வேலைதான், யாரும் குறை சொல்ல முடியாது. உங்கள் ரோபோ எனக்கு அந்த மேசைத் துணியாகத் தெரிகிறது. அந்தத் துணியை எடுத்துக் கொடுத்ததே நான்தான். என் ஓட்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கோபி அண்ணனோ ரோபோவோ, தேதி சொல்கிறவர் ஜெயித்தார்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். உங்கள் இரண்டு கடிதத்தையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டும் 'அங்கே எப்படி?' என்றுதான் தொடங்குகின்றன. அதற்கு முன்னால் வர வேண்டிய வாக்கியத்தைக் காணோம். ரோபோவைப் பற்றிப் பொய் எழுத உங்களுக்கு வருகிறது. உங்களைப் பற்றி எழுத வரவில்லை.

எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. எழுதினால் வார்டனும் படிப்பார், உங்களுக்குக் கூச்சமாக இருக்கும்.

நிறுத்து என்று யார் வேண்டுமானாலும் காட்டலாம் என்றீர்கள். நீங்களே உங்களுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். சரி, அது உங்கள் உரிமை. ஆனால் தூக்கு என்று காட்டும் அந்த ஒருவர் யார் என்று நம் வீட்டில் யாரும் பேசி வைக்கவில்லை. அப்பா காட்டினால் கை நடுங்கும், நீங்கள் தூக்கவா இறக்கவா என்று குழம்புவீர்கள். டாக்டர் கேபினில் இருக்கும் ஆள், அவர் காட்ட முடியாது. கழித்துப் பார்த்தால் மீதி நான்தான்.

ஆகவே பேசி வைத்துக்கொள்வோம். அந்த ஒருவர் நான். இன்று முதல் தினமும் சாயங்காலம் விடுதி மொட்டை மாடியில், துறைமுகம் இருக்கும் திசையைப் பார்த்து நின்று, ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றப் போகிறேன். இவ்வளவு தூரம் தெரியாதுதான். ஆனால் நீங்கள் உயரத்தில் இருக்கிற ஆள்.

வாலு

(சிவப்பு மையில்: மொட்டை மாடிக்குப் போக மாணவிகளுக்கு அனுமதி இல்லை. நான் கூட நின்றால் உண்டு. இந்தக் கடிதத்தை நானே தபால் நிலையத்துக்குக் கொண்டு போகிறேன். — வார்டன்)


ஆகஸ்ட் 18

அத்தைக்கு,

இங்கே நலம். அங்கே எப்படி?

உங்களிடமிருந்தும் பதில் இல்லை, அப்பாவிடமிருந்தும் இல்லை. கோபித்துக்கொண்டீர்களா? கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அதையாவது எழுதுங்கள்.

மூன்று நாளாக மழை. வார்டன் குடை பிடித்துக்கொண்டு கூட நிற்கிறார். நேற்று அவரும் விரலைச் சுற்றிப் பார்த்தார். விரல் கீழே பார்த்தபடி இருந்தது. "அது இறக்குன்னு அர்த்தம் மேடம்" என்றேன். "ஐயையோ" என்று பதறிப் போய், கையை உதறிவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்தார்.

இந்தக் கடிதத்தில் வேறு ஜோக் இல்லை.

வாலு

(சிவப்பு மையில்: இப்போது சரியாகச் செய்கிறேன். — வார்டன்)


ஆகஸ்ட் 27

வாலுக்கு,

அங்கே எப்படி?

கோணலான கையெழுத்துக்குக் காரணம் ஊசி குத்திய கை. படுக்கையில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். ஆப்பரேஷன் முடிந்து ஒரு வாரமாகிறது. உன் அப்பனை எழுத வேண்டாம் என்று தடுத்தது நான்தான். அவன் எழுதினால் எதையாவது ஓரத்தில் எழுதுவான், நீ அதைப் படித்துவிட்டு மாடியிலிருந்து குதித்து ஓடி வருவாய்.

உன் கடிதம் கேபினில் இருக்கும்போது கிடைத்தது. படித்துவிட்டு அன்றைக்குப் பாதி வேலையில் இறங்கினேன். இருபது வருடத்தில் பாதியில் இறங்கியது அதுதான் முதல் முறை. நேராக டாக்டரிடம் போனேன்.

"ரோபோவைப் பத்தி யோசிச்சுக்கிட்டே இருக்கேன்னீங்களே?" என்றார்.

"அது என் மருமக ஓட்டு. அவ வாபஸ் வாங்கிட்டா. நீங்க சொல்லுங்க, ரெண்டுல எதுல உங்களுக்குப் பழக்கம் ஜாஸ்தி?"

"கோல்லதாம்மா. பல வருஷமா. ரோபோவும் பண்றேன். ஆனா அது எனக்கு இன்னும் புதுசு."

"எங்களுக்கும் புதுக் கிரேன் வந்திருக்கு. அருமையான கிரேன். ஆனா காத்தடிக்கிற அன்னிக்கு நான் பழசுலதான் ஏறுவேன். நீங்கதான் வயித்துக்குள்ள காத்தடிக்கப் போறீங்களே."

மனிதர் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள். பழக்கம் வரும்வரை ரோபோவை அவர் எளிமையான கேஸ்களுக்கு வைத்துக்கொள்கிறாராம். அதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது.

"உள்ள யார் நிறுத்துன்னு சொல்லலாம்?" என்று கேட்டேன்.

"யார் வேணா. கேமரா பிடிக்கிறவர், மயக்கம் குடுக்கிறவர், நர்ஸ். சொன்னா நான் நிறுத்திடுவேன்."

"தூக்குன்னு?"

"ஆரம்பிக்கலாம்னா? அதை நீங்கதான் சொல்லணும்."

"நான் சொல்றதுக்கு முன்னாடியே ஒருத்தி மாடியில நின்னு காட்டிக்கிட்டிருக்கா. தேதி போடுங்க" என்றேன்.

நீ கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், வார்டன் அம்மா படித்தாலும் சரி. சாவுக்கு இல்லை பயம். இத்தனை வருடமாகப் பெட்டி தூக்குகிறேன் வாலு, ஒரு நாளும் பெட்டியாக இருந்ததில்லை. கையைக் காலை நீட்டிப் படுத்து, என்னை யாரோ தூக்கி, யாரோ இறக்கி, நான் பார்க்காமலே எல்லாம் நடப்பதை நினைத்துத்தான் தேதியைத் தள்ளிக்கொண்டே போனேன். அவ்வளவுதான் விஷயம். எழுதிப் பார்த்தால் சின்னதாகத்தான் இருக்கிறது. நடுப்பக்கத்தில் எழுதியும்கூட.

மேசையில் படுக்க வைத்தபோது ஒரு கையில் குழாய். மற்ற கை சும்மாதான் இருந்தது. ஆள்காட்டி விரலை நீட்டிச் சுற்றினேன்.

மயக்க டாக்டர் குனிந்து, "என்னம்மா, ஃபேன் போடணுமா?" என்றார்.

"இல்லைங்க. தூக்குங்கன்னு அர்த்தம்."

"எதைம்மா?"

"என்னைத்தான்."

அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.

மறுநாளே நடக்க வைத்துவிட்டார்கள். வயிற்றில் சின்னச் சின்னத் தையல்கள், கூடவே எடுத்ததை வெளியே கொண்டுவரக் கொஞ்சம் பெரிதாக ஒன்று. வெட்டிய ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றனவாம். சுற்றியிருந்த நிணநீர் முடிச்சுகளில் ஒன்றிரண்டில் மட்டும் நோய் எட்டிப் பார்த்திருக்கிறது. அதனால் சில மாதம் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். டாக்டர் இதையும் நான் தலையசைத்த பிறகுதான் முடித்தார். அவர் முகத்தில் பயம் இல்லை. பார்த்தேன்.

முதல் வாக்கியத்தை இன்னும் எழுதவில்லை என்று நீ கவனித்திருப்பாய். எழுதுகிற அன்றைக்கு உண்மையாக எழுதுவேன்.

அத்தை


செப்டம்பர் 6

அன்புள்ள முன்னாள் பெட்டிக்கு,

இங்கே நலம். அங்கே எப்படி?

உங்கள் கடிதத்தை வார்டன் என் அறைக்கே கொண்டு வந்தார். வழக்கமாக ஆபீஸ் ஜன்னலில்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். உறை பிரிக்கப்படாமல் இருந்தது. "நீயே முதல்ல படி" என்று சொல்லிவிட்டு, போகாமல் கதவருகே நின்றார். படித்து முடித்து நிமிர்ந்தேன். விரலைச் சுற்றிக் காட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். அதன் பிறகு, "அந்தப் பத்திரிகை எப்ப வரும்?" என்றார். "எந்தப் பத்திரிகை மேடம்?" "விடுதிக் குரல். டாக்டர் பிரதி கேட்டிருக்காரே. மாசா மாசம் நீ கொண்டு வரணும். அதான் உனக்குத் தண்டனை."

உலகத்திலேயே புளுகிய பொய்யை உண்மையாக்கித் தரும்படி தண்டனை வாங்கியவள் நான் ஒருத்திதான்.

முதல் இதழில் கட்டுரை ரோபோவா, கோபி அண்ணனா என்பதேதான். அன்றைக்குப் புரட்டிவிட்ட எதிர்க்கட்சிப் பக்கத்தையும் இந்த முறை உட்கார்ந்து படித்தேன். முடிவு எழுதத்தான் திணறினேன். இரண்டும் நல்லது, எதுவும் மாயம் இல்லை, பழகின கையாகப் பாருங்கள், தேதியைத் தள்ளாதீர்கள் என்று எழுதினேன். "சப்புன்னு இருக்கே" என்றாள் அறைத்தோழி. உண்மை கொஞ்சம் பத்திய சாப்பாடு மாதிரிதான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

மருந்து ஏற்றும் நாட்களில் எழுத முடியாவிட்டால் எழுத வேண்டாம். வெறும் உறையை அனுப்புங்கள், பூனையின் ரோமம் ஒன்று ஒட்டியிருந்தால் போதும்.

ஆசிரியர் வாலு

(சிவப்பு மையில்: மூக்கைச் சிந்தியது ஜலதோஷத்தால். — வார்டன்)


மார்ச் 11

வாலுக்கு,

அங்கே எப்படி?

டிசம்பர் லீவில் நீ வந்தபோது நான் எப்படி இருந்தேன் என்று நீயே பார்த்தாய். முடி கொட்டிய என் தலையில் கண்ணும் மூக்கும் வரைந்து, பின்பக்கமும் ஒரு முகம் இருந்தால் கிரேனுக்கு வசதி என்றாய். அந்த மை போக நான்கு நாளாயிற்று. உன் அப்பன் முதல் முறையாக அழாமல் சிரித்தான். அதற்காக உன்னை மன்னித்தேன்.

மருந்து ஜனவரிக் கடைசியில் முடிந்தது. போன வாரம் எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இனிமேலும் அவ்வப்போது எடுத்துப் பார்க்க டாக்டர் சொல்லியிருக்கிறார். அவரும் அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார், கன்னம் வீங்கியிருந்தது. உன் இதழை மேசையில் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். வருகிற நோயாளிகளுக்கு அதைப் படிக்கக் கொடுக்கிறாராம்.

ஒரு வேளைச் சாப்பாட்டை நான்காகப் பிரித்துச் சாப்பிடுகிறேன். அவசரமாக விழுங்கினால் வயிறு சண்டைக்கு வருகிறது, மெதுவாகப் போனால் சும்மா இருக்கிறது. பெல்ட்டில் ஆணியால் போட்ட ஓட்டையிலிருந்து ஒன்று வெளியே வந்திருக்கிறேன். பூனைக்கு இப்போது ரொட்டி கிடையாது. அது முறைக்கிறது.

இரண்டு வாரமாகக் கீழே நின்று சிக்னல் வேலை பார்த்தேன். மேலே ஏற அனுமதி இன்றைக்குத்தான் கிடைத்தது. ஏணிப்படியில் இளைப்பாற அங்கங்கே உட்கார்ந்தேன். அந்த ஆர்வக்கோளாறுப் பையன் என் பின்னாலேயே ஏறி வந்து, "அக்கா, முடியலைன்னா சொல்லுங்க" என்றான். "முடியலைன்னா என்னடா பண்ணுவ?" என்றேன். "பூனையைக் கூப்பிடுவேன்" என்றான்.

புதுக் கிரேனில் ஏறச் சொன்னார்கள். ஏறினேன். காற்று இல்லை, நல்ல வெயில். ரோபோவின் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை என்று உனக்குத் தெரிய வேண்டும். உன் அறைத்தோழிக்கும் சொல்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கீழே எல்லாம் குட்டி குட்டியாக, அதே மாதிரி. சிக்னல்காரர் அண்ணாந்து பார்த்தார். உடனே காட்டவில்லை. நான் நன்றாக உட்கார்ந்துவிட்டேனா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு விரலை நீட்டிச் சுற்றினார். தூக்கினேன்.

இந்தக் கடிதத்தைக் காலையில் வீட்டில் ஆரம்பித்தேன். முதல் வரியில் இடம் விட்டு வைத்திருந்தேன், ஏறிப் பார்த்துவிட்டு நிரப்பலாம் என்று. இப்போது பார்த்தால் அந்த இடத்தில் கிரீஸ் கறை. ஆகவே இங்கேயே எழுதிவிடுகிறேன்.

இங்கே நலம்.

அத்தை

(சிவப்பு மையில்: பழக்க தோஷத்தில் பிரித்துவிட்டேன். கடைசி வரியை உனக்கு முன்னால் படித்ததற்கு மன்னிக்கவும். மாடிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். — வார்டன்)